பங்காளிகள் கேட்கும் ரத்தம்

"எவ பெத்த புள்ளையோ, இவளுக்கு என்ன பங்கு?" கரிசல் காட்டு வளர்ப்பு மகள் பலருக்கு அப்பன் செத்த பிறகுதான் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. ஊரே பொத்திவைத்த ரகசியத்தைக் கொஞ்சம் மானாவாரி நிலத்துக்காகப் பங்காளிகள் உடைக்கிறார்கள்.

கோவில்பட்டிப் பக்கம் பனையோலைப் பெட்டி முடையும் ஒருத்திக்கு இதுதான் நடந்தது. வாரிசுச் சான்றிதழ் கிடைக்காமல் வங்கியில் என் மேஜை முன்னால் நின்றாள். தொழில் கற்றுத்தந்த அம்மாகூட வாய் திறக்கலையே என்பதுதான் அவளுக்குப் பெரிய வலி.

1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது: முறைப்படி தத்தெடுத்த நாள்முதல் அவள் எடுத்தவர்களின் பிள்ளை. பத்திரம் கட்டாயமில்லை. ஆனால் கொடுத்து வாங்கியதற்குச் சாட்சி வேண்டும். ஒளித்துச் செய்ததற்கு யார் சாட்சி? இரு தரப்பும் கையெழுத்திட்ட பதிவுப் பத்திரம் இருந்தால், 16ஆம் பிரிவின்படி மறுப்பவன்தான் நிரூபிக்க வேண்டும்.

ஏன் ஒளிக்கிறார்கள்? பாசம் விட்டுப்போகுமாம். பிறந்த சாதி தெரிந்துவிடும் என்ற பயம்தான் பாதி. ரத்தம் பேசுகிறவன் சாதிதான் பேசுகிறான்.

தோழர்களே, உங்கள் தெருவில் பிள்ளை எடுத்து வளர்க்கிறவர்களிடம் சொல்லுங்கள்: பத்திரம் பதியுங்கள், பிள்ளையிடம் நீங்களே உண்மையைச் சொல்லுங்கள். பங்காளி சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.