பறக்கும் நேரம் ஒரு மணி; பயண நேரம் எத்தனை மணி?

சென்னையிலிருந்து சேலத்துக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். இதை நம்பி, காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் செவ்வாய்பேட்டையில் ஜவ்வரிசிக்கு விலை பேசிவிடலாம் என்று நம் மளிகை வணிகர்கள் சிலர் கணக்குப் போடுகிறார்கள். பல்லாவரத்தில் கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு சரி. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வியாபாரிக்கு இது ஒத்துவராது.

மீனம்பாக்கத்துக்கும் சேலம் காமலாபுரம் விமான நிலையத்துக்கும் வான்வழியில் சுமார் 265 கி.மீ. சாலை வழியில் சுமார் 340 கி.மீ. சிறிய ரக விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போனாலும், ஓடுதளத்தில் ஊர்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து ஒரு மணியாகிறது.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டியிலிருந்து மீனம்பாக்கம் 60 கி.மீ.க்குக் குறையாது. லாரி நெரிசலில் இரண்டு மணி நேரம். புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி முன்னதாகப் போய் நிற்க வேண்டும். பறப்பது ஒரு மணி. காமலாபுரத்தில் இறங்கி, 20 கி.மீ. தள்ளியுள்ள சேலம் நகருக்குள் வர ஒரு மணி. ஆக மொத்தம் ஐந்தரை மணி!

ரயிலில் போனால்? சென்ட்ரலுக்குப் புறநகர் ரயிலில் ஒன்றரை மணி, அங்கிருந்து சேலத்துக்கு நான்கரை முதல் ஐந்து மணி. 2023 ஏப்ரலில் வந்த கோவை வந்தே பாரத் ரயிலில் இன்னும் ஒரு மணி குறையும். திருவள்ளூர் வணிகர் சென்னைக்கே வர வேண்டாம். அரக்கோணத்தில் சேலம் வழி ரயில்கள் நிற்கின்றன. இரண்டு, மூன்று மடங்கு பணம் கொடுத்து நாம் மிச்சம் பிடிக்கும் நேரம் ஒரு மணிகூட இல்லை. சரக்கோ எப்படியும் லாரியில்தான் வரப்போகிறது.

விமானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்புக் கொள்முதலுக்குத் தூத்துக்குடி போகிறவருக்கு ரயிலில் ஓர் இரவு முழுவதும் போய்விடும்; விமானம் ஒன்றரை மணிதான். அங்கே அரை நாள் லாபம் உண்டு. தூரம் கூடக் கூடத்தான் விமானம் கட்டுப்படியாகும்.

உதான் திட்டத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய சேலம் விமானம், 2021-ல் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. சிறு ஊர்களை இணைக்கும் நோக்கத்தை வரவேற்கிறோம். ஆனால் விமான நிலையத்துக்குப் போகும் வழி சரியில்லாவிட்டால் அதன் பலன் வடக்கே இருக்கும் நமக்கு வந்து சேராது.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. நம் புறநகர் ரயிலும் அங்கே நிற்கிறது. அங்கு மாறினால் நெரிசல் இல்லாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். ஆனால் முதல் மெட்ரோ காலை 5 மணிக்குத்தான்; அதிகாலை விமானத்துக்கு அது உதவாது. இரண்டு ரயில்களின் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தால் நம் வட்டார வணிகர்களுக்குப் பெரிய உதவி.

2022-ல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்துக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து நேர் ரயில் கிடையாது. திட்டம் தீட்டும்போதே வடபகுதிக்கும் இணைப்புக் கேட்க வேண்டும். கட்டி முடித்தபின் கேட்டால் காதில் விழாது. இவ்விரண்டு கோரிக்கைகளையும் மனுவாக எழுதி, ரயில்வேக்கும் மாநில அரசுக்கும் அனுப்ப நம் சங்கம் ஆவன செய்ய வேண்டும்.

அதுவரை, சீட்டு வாங்குமுன் கடை வாசலிலிருந்து மண்டி வாசல் வரை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். வியாபாரிக்கு நேரமும் முதல்தான்.