விதை கேட்க வெட்கமா?

கதை எழுதுகிறவனுக்குக் கத்தரிக்காயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். காதலைப் பற்றி எழுதலாம், கண்ணீரைப் பற்றி எழுதலாம். கத்தரிக்காயைப் பற்றி எழுதினால் மட்டும் கௌரவக் குறைவாம். எனக்கு அந்த அபிப்பிராயம் கிடையாது. மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதுதான் என் தொழிலுக்கு முதல். அந்தப் பேச்சு எங்கே நின்றுபோகிறதோ அங்கே போய்ச் சண்டை போட எனக்குப் பாத்தியதை உண்டு.

வீட்டுத் தோட்டத்தில் அந்தப் பேச்சு நின்றுகொண்டு வருகிறது. தோட்டம் போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. மொட்டைமாடிகளில் மண் பைகளும் தொட்டிகளும் பெருகித்தான் இருக்கின்றன. ஆனால், "உங்கள் வீட்டு அவரையில் நாலு விதை கொடுங்களேன்" என்று கேட்கிற வாய் குறைந்துவிட்டது. கடையில் வாங்கினால் கௌரவம், அடுத்த வீட்டில் கேட்டால் இரவல் புத்தி! இப்படி ஒரு எண்ணம் நம்மிடையே வளர்ந்திருக்கிறது. வளரக் கூடாத களை இது.

முதலில் கணக்குப் பார்க்கும் கனவான்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "ஒரு கிலோ வெண்டைக்காய்க்கு இத்தனை பாடா? பை நிறையச் சந்தையில் வாங்கிவிட்டுப் போகலாமே!" என்கிறார்கள். தொட்டி, எரு, தென்னை நார்க் கழிவு, வேப்பம் பிண்ணாக்கு, தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. காய்க்காக மட்டுமே தோட்டம் என்றால் இந்த வழக்கில் நமக்குத் தோல்வி. ஆனால் ஓர் அவரைப் பந்தல் நன்றாகக் காய்க்கத் தொடங்கினால் ஒரு வீட்டால் தின்று தீர்க்க முடியுமா? நாலு வீட்டுக்கு அது நடக்கிறது. காயோடு விதை நடக்கிறது. விதையோடு யோசனையும் நடக்கிறது. இந்த வரவை அவர்கள் எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

யோசனை என்றேன். எங்கள் தெருவில் ஓர் இளைஞர் பூசணிக் கொடி போட்டார். பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது. மனிதர் கலங்கிப்போய்க் கடையிலிருந்து ஒரு புட்டி மருந்து வாங்கி வந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அது ஆண் பூ, தம்பி. உதிரத்தான் செய்யும். அடியிலே குட்டிப் பிஞ்சோட ஒரு பூ வரும், பாரு. அது வந்தா, விடிகாலையிலே ஆண் பூ ஒண்ணைப் பறிச்சு அதுக்குள்ளே தடவி விடு." ஆயிற்று, வைத்தியம் முடிந்தது! பூசணி இனத்துக் கொடிகளில் பொதுவாக ஆண் பூக்கள்தாம் முதலில் வரும். அவை உதிர்வதில் வியாதி ஒன்றுமில்லை. பூசணி காலையில் மலரும்; சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும். ஆகவே சுரைக்குக் காலையில் போய்த் தடவினால் பயனில்லை. தேனீ ஏறி வராத மாடியில் இந்த ஒரு சேதி தெரியாதவர் கொடி வளர்க்கலாம். காய் பறிக்க மாட்டார். புட்டியை விற்ற கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் புட்டி விற்குமா?

"பாட்டி சொல்வதெல்லாம் வேதவாக்கா?" என்று மடக்குகிறவர்கள் உண்டு. இல்லை. ஆனால் அவளுடைய யோசனைக்கு ஒரு ஜாமீன் இருக்கிறது. அவள் வீட்டுக் கொடியே சுவருக்கு மேல் தெரிகிறது. அதே வெயில், அதே உப்புத் தண்ணீர், அதே மாவுப்பூச்சி. அவள் சொன்னது பொய்த்தால் மறுநாளே போய்க் கேட்கலாம். புட்டியின் மேல் ஒட்டிய காகிதத்தை யார் போய்க் கேட்பது?

இனி விதைக்கு வருகிறேன். கடையில் வண்ணக் காகிதப் பொட்டலத்தில் விற்பதில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு விதைகள். அவற்றைப் பழிப்பது என் நோக்கமல்ல. காய் அதிகம் தருகின்றன; சில ரகங்கள் நோயையும் தாங்குகின்றன. ஆனால் அந்தக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் பிள்ளைகள் தாயைப்போல வருவதில்லை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று காய்க்கும், ஒன்று காய்க்காது. ஆகவே ஆடிக்கு ஆடி கடைக்குப் போயாக வேண்டும். விற்பவருக்கு அது நியாயம்தான். நமக்கு என்ன நஷ்டம் என்றால், அடுத்த வீட்டுக்குத் துணிந்து கொடுக்கக்கூடிய விதை நம் கையில் இல்லாமல் போகிறது.

நாட்டுக் கத்தரியும் தக்காளியும் அவரையும் அப்படியல்ல. பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை அவை. பிள்ளை தாயை உரித்துக்கொண்டு வரும். கத்தரிக்காய் ஒன்றைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விட்டு, விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினால் போதும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், உழவர்கள் விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிர்ந்துகொள்ளவும் உரிமை தந்திருக்கிறது. சட்டம் தடுக்காத காரியத்தை நம் வெட்கம் தடுக்கிறது!

வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல கௌரவம். ஆனால் அதுவரை அந்தக் கத்தரியைக் காப்பாற்றி வந்தது யார்? வருஷா வருஷம் விதை எடுத்து வைத்து, கேட்டவர்களுக்குக் கொடுத்த கைகள்தாம். கேட்பாரும் கொடுப்பாரும் இல்லாமற்போன கத்தரிகளுக்கு எந்த முத்திரையை எங்கே கொண்டுபோய்க் குத்துவது?

படித்தவர்களுக்கு உலக உதாரணம் வேண்டும், அதையும் தருகிறேன். வட துருவத்துக்கு அருகே நார்வே நாட்டின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில், பனி உறைந்த மலைக்குள் ஒரு விதைப் பெட்டகத்தை 2008-இல் திறந்தார்கள். சிரியாவில் அலெப்போவுக்கு அருகே இருந்த ஒரு பெரிய விதை நிலையம் போரினால் எட்டாமற்போயிற்று. அதை நடத்தியவர்கள் முன்பே சுவால்பார்டில் கொடுத்து வைத்திருந்த விதைகளை 2015-இல் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-இல் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார்கள். 'உன் வீட்டில் கொடுத்து வை. என் வீட்டில் பட்டுப்போனால் வாங்கிக்கொள்கிறேன்.' பாட்டி அறிந்த சாஸ்திரம் இதுதானே? விஞ்ஞானிகள் வெட்கப்படாமல் செய்வதற்கு நாம் ஏன் கூச வேண்டும்?

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு: "விதை கேட்கப் போகிறேன் என்று போனால் அரைமணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறார்கள்." பேசட்டுமே! முருங்கையில் கம்பளிப்பூச்சி என்று ஆரம்பித்த பேச்சு, மகளின் பரீட்சை, மாமியாரின் முழங்கால் வலி என்று போனால் என்ன குடி முழுகிவிடும்? எட்டு வீடுகள் உள்ள அடுக்குமாடியில் எதிர் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று தெரியாமல் வாழ்கிறோம். காரணமில்லாமல் கதவைத் தட்டினால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ஒரு பிடி கீரை விதை, கதவைத் தட்டுவதற்கு எவ்வளவு கண்ணியமான காரணம்!

ஆகவே இந்தப் பருவத்தில் உங்கள் செடியில் வடிவான காய் ஒன்றைப் பறிக்காமல் விடுங்கள். குழம்புக்கு ஒரு காய் குறைந்தால் குடும்பம் கெட்டுப்போகாது. அது முற்றியதும் விதையை மூன்று பங்காக்கி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு இரண்டை இரண்டு வீடுகளுக்குக் கொடுங்கள். இனாமாக வாங்க அவர்கள் கூச்சப்பட்டால், அடுத்த வருஷம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கடனாகவாவது வாங்கிக்கொள்ளட்டும்.