வாடையில் வந்த புகையும் கச்சானில் வரும் புகையும்



2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. காற்று மாசு என்று சொல்லி நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்கள். வடக்கு கிழக்கில் மாடுகள் குளிரில் விறைத்துச் செத்ததும் அப்போதுதான். இந்தியப் பக்கமிருந்து காற்றோடு வந்த மாசுதான் காரணம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. நாமும் "இந்தியாப் புகை" என்று சொல்லிவிட்டு மறந்துபோனோம்.

அது பொய்யில்லை. வாடைக் காலத்தில் கங்கைச் சமவெளியின் புகையும் தூசும் வங்காள விரிகுடாவின் மேல் சாம்பல் படலமாக இறங்கி வருவது செய்மதிப் படங்களில் பல வருடங்களாகவே தெரிகிறது. ஆனால் அதே செய்மதி நம் வட்டைகளையும்தான் பார்த்துக்கொண்டு போகிறது.

நாசாவின் 'ஃபர்ம்ஸ்' இணையத்தளத்தைக் கையிலுள்ள போனிலேயே திறக்கலாம், காசில்லை. 'வியர்ஸ்' என்ற கருவி பகல் ஒன்றரை மணியளவில் ஒருமுறை, இரவு ஒன்றரை மணியளவில் ஒருமுறை நம் தலைக்கு மேலால் போகும். சுற்றியுள்ள நிலத்தைவிட எங்கே சூடு கூடுதலோ அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும். ஒரு புள்ளி என்பது சுமார் 375 மீற்றர் சதுரம். மூன்று மணித்தியாலத்துக்குள் படம் வந்துவிடும்.

முகில் மூடினால் அதற்குத் தெரியாது. அசருக்குப் பிறகு வைத்து மஃரிபுக்குள் அணைந்துபோகும் வைக்கோல் தீயும் அநேகமாகத் தெரியாது. செய்மதிக்குத் தெரியாவிட்டால் என்ன, நமக்குத் தெரியுமே. சிறுபோகம் வெட்டி முடிந்த கையோடு தீ வைக்கிறோம். வயல் மேற்கே, ஊர் கிழக்கே. கச்சான் அடித்தால் அந்தப் புகை நேரே சாய்ந்தமருது, கல்முனை, நிந்தவூர் வீடுகளுக்குள்தான் வரும். முட்டு வருத்தமுள்ள பிள்ளைகளின் கதிரை அந்த நாட்களில் வகுப்பில் காலியாகக் கிடக்கிறது. இதற்கு எந்த நாட்டைக் குறை சொல்வோம்?

விவசாயியை மட்டும் திட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. வெட்டு மெசின் வைக்கோலை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது, உழவில் சுற்றிக்கொள்கிறது, அடுத்த போகத்துக்கு நாளும் இல்லை. ஆனால் நெல் உறிஞ்சிய பொட்டாசியத்தில் பெரும்பங்கு அந்த வைக்கோலில்தான் இருக்கிறது. 2021இல் உரத்தைத் தடைசெய்தபோது நாம் பட்ட பாட்டை மறந்துவிட்டு அதற்கே நெருப்பு வைக்கிறோம்!

அடுத்த போகத்துக்கான பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியோடு வைக்கோல் விடயத்தையும் எடுங்கள். உழவு மெசின்காரர்களையும் கூப்பிட்டு வையுங்கள். செய்மதி மேலிருந்து பார்ப்பது, பிள்ளையின் மூக்கடியில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. அதற்குப் பாடசாலையில் ஒரு அளவுக்கருவி வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் வருடா வருடம் கட்டும் அலங்கார வளைவுகளில் ஒன்றைக் குறைத்தால் அது வந்துவிடும். படங்களைப் பார்த்துக் குறித்துவைக்கும் வேலையை நம் மாணவர்கள் செய்வார்கள், அதற்கு நாங்கள் பொறுப்பு.