பாட்டி ஏன் நிலத்தை விற்றாள்?

வம்சாவளி எழுத உட்காருகிறவர்களுக்குக் கொள்ளுத் தாத்தாவின் பெயர் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. கொள்ளுப் பாட்டியின் பெயரைக் கேட்டால் வீட்டுப் பெரியவர்களே விழிக்கிறார்கள். அந்தப் பெயர் பரண்மேல் தகரப் பெட்டியில், பழைய கிரயப் பத்திரத்தில் இருந்தாலும் இருக்கும்!

அதிலும் கணவனை இழந்தவள் எழுதிக் கொடுத்த பத்திரம் அகப்பட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் வரும் வரையில், கணவன் விட்டுப்போன நிலத்தை ஆயுள் உள்ளவரை அனுபவிக்கத்தான் அவளுக்குப் பாத்தியம். இஷ்டப்படி விற்க முடியாது. கணவன் வைத்த கடன், பெண்ணின் கலியாணம், ஈமக் கடன் என்று தக்க அவசியம் இருந்தால்தான் கிரயம் செல்லும். இல்லாவிட்டால், அவள் காலத்துக்குப் பிறகு பங்காளிகள் வழக்காடி நிலத்தைத் திருப்பிவிடலாம். பணம் கொடுத்து வாங்குகிறவர் சும்மா இருப்பாரா? காரணத்தை விவரமாக எழுதச் சொன்னார். யாரிடம் பட்ட கடன், எந்த மகளுக்குக் கலியாணம், மைனர் பிள்ளை யார் என்பதெல்லாம் பத்திரத்தில் ஏறின. அவளை நம்பாத சட்டம் அவள் கதையைப் பத்திரமாக வைத்துவிட்டது, பாருங்கள்!

ஆனால் எல்லாக் காரணத்தையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘குடும்பச் செலவுக்காக’ என்ற வாசகம் பத்திரம் எழுதுகிறவரின் பேனா முனையிலேயே தயாராக இருக்கும். பெயரும் தொகையும் தேதியுமாகச் சொல்லியிருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் ‘பார்த்திப வருஷம்’ என்றிருந்தால் அது 1885-ஆ, 1945-ஆ என்று யோசிக்க வேண்டும். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வருமே!

நான்கெல்லை வாசகத்தையும் விடாதீர்கள். நிலத்துக்குக் கிழக்கே யார், மேற்கே யார் என்று பார்த்தால், பாகம் பிரிந்துபோன சகோதரர்கள் பல சமயம் பக்கத்து வரப்பிலேயே நிற்பார்கள்.

அசல் பத்திரம் கறையானுக்கு இரையாகிவிட்டதா? பதிவான பத்திரமானால் சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகத்தில் நகல் இருக்க வேண்டும். மனுச் செய்து, கட்டணம் கட்டித் தேடச் சொல்லலாம். பெயர்வாரியாக ஒன்று, சொத்துவாரியாக ஒன்று என்று அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு. பாட்டியின் பெயர் தெரியாதவர்கள் கிராமத்தின் பெயரையும் நிலத்தின் பழைய சர்வே நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கள்.