பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுங்கள்

வாசிக்க: யாத்திராகமம் 22:26, 27, 1 சாமுவேல் 2:18, 19, 1 கொரிந்தியர் 13:11



ஒரு பிள்ளையின் கையிலிருந்து அது அணைத்துறங்கும் பழந்துணியைப் பிடுங்குவது ஒழுக்கப் பயிற்சி அன்று, அது கொள்ளை. இது கடுமையான சொல் என்று சிலர் வருந்தக்கூடும். ஆயினும் நம்முடைய வீடுகளில் இச்செயல் நற்செயலாகவே எண்ணப்பட்டு வருவதால், இதனை மென்மையாகச் சொல்லிக் கடந்துபோக என்னால் இயலவில்லை.

எந்தத் துணியைக் குறிப்பிடுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தாயின் பழைய நூல் சேலையிலிருந்து கிழித்த துண்டு. நைந்துபோன தலையணை உறை. தூளி கட்டியிருந்த சேலையின் முந்தானை. ஒரு கண் உதிர்ந்த கரடி பொம்மை. பிள்ளை அதன் ஓரத்தை விரல்களால் நெருடிக்கொண்டே உறங்கும். அதை முகர்ந்து பார்க்கும். வெளியூர் புறப்படும்போது வேறு எதை மறந்தாலும் அதை மறவாது. சில வீடுகளில் அத்துணிக்குப் பெயரும் உண்டு. பிள்ளையே சூட்டிய பெயர்.

இரண்டு வயதுவரை பெரியவர்கள் இதைக் கண்டு மகிழ்கிறார்கள். நான்கு வயதானதும் மகிழ்ச்சி ஏளனமாகிறது. “இந்த அழுக்குத் துணி இல்லாவிட்டால் துரைக்குத் தூக்கம் வராது” என்று விருந்தினர் முன்னிலையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். பின்பு ஒரு நாள் துணி காணாமற்போகிறது. காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். பொய் சொல்லலாகாது என்று ஓய்வுநாள் பள்ளியில் கற்கும் அதே பிள்ளைக்கு நாம் சொல்லும் பதில் இது.

வீடு சந்திக்கச் சென்ற இடமொன்றில், மகளின் துணியை அவள் கண்ணெதிரே அடுப்பிலிட்டதை ஒரு தகப்பனார் சாதனையாகவே என்னிடம் விவரித்தார். மூன்று இரவுகள் அழுதாளாம். நான்காம் இரவு அழவில்லையாம். “பழகிவிட்டாள், ஐயா” என்றார். அழுகை நின்றதை அவர் ஆறுதல் என்று எண்ணிக்கொண்டார். அழுதும் பயனில்லை என்று கண்டுகொண்ட பிள்ளையும் அழுகையை நிறுத்தும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இந்தத் தவறான எண்ணம் புதியதன்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கும் நேரம் மிகவும் குறுக்கப்பட்டிருந்தது. அமைதியாகிவிட்ட பிள்ளை, மருத்துவமனைக்குப் பழகிவிட்ட பிள்ளை என்றே அங்கிருந்தவர்கள் நம்பினார்கள். 1952ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படமெடுத்துக் காட்டினார். அவள் பெரும்பாலும் கதறவில்லை. தன் கரடி பொம்மையையும் போர்வையையும் பற்றிக்கொண்டு, துக்கத்தை அடக்கியபடியே நாட்களைக் கடத்தினாள். பார்த்த மருத்துவர்களில் பலர் முதலில் சினந்தார்கள். ஆனால் 1959இல் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்துபோக வேண்டும் என்று பரிந்துரைத்தது. தாய் இல்லாத எட்டு நாட்களில் அவளுடைய வீட்டிலிருந்து அவளோடு வந்திருந்தவை அந்தப் பொம்மையும் போர்வையுமே. அவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல உங்களில் யாருக்கு மனம் வரும்?

துணியைப் பிடுங்குகிறவர்கள் வழக்கமாக மூன்று நியாயங்களைச் சொல்லுகிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, வேத வசனத்தையே ஆயுதமாக எடுக்கிறார்கள். குழந்தைக்குரியவற்றை ஒழித்துவிட்டதாகப் பவுல் அப்போஸ்தலர் எழுதவில்லையா என்று கேட்கிறார்கள். எழுதினார். ஆனால் யார், எப்போது ஒழித்தது என்று பாருங்கள். கிரேக்க மூலத்திலும் அவ்வினைச்சொல் தன்மை ஒருமையிலேயே நிற்கிறது: ஒழித்தவர் அவரே. காலமோ, அவர் பெரியவரான பின்பு. குழந்தையாயிருந்தபோது குழந்தையைப்போலப் பேசியதையும் சிந்தித்ததையும் அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பருவத்துக்கு அதுவே இயல்பு என்று வைத்தே ஒப்புமை அமைக்கிறார். நான்கு வயதில் யாரோ வந்து பறித்துக்கொண்டார்கள் என்று அந்த வசனத்தில் எங்கே இருக்கிறது?

இரண்டாவது, அது விக்கிரகம் என்கிறார்கள். ஆண்டவரை நாடவேண்டிய பிள்ளை ஒரு கந்தையை நாடுகிறதே என்று கவலைப்படுகிறார்கள். விக்கிரகத்துக்கு முன் மனிதன் விழுந்து பணிகிறான், அதனிடம் வரம் கேட்கிறான், அதற்குப் பயப்படுகிறான். பிள்ளையோ தன் துணியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறது. அதிலே மூக்கைத் துடைக்கிறது. கோபம் வந்தால் வீசி எறிகிறது. எந்த விக்கிரகத்தையாவது யாராவது இப்படி நடத்தியதுண்டா? விக்கிரகத்தைத் தேடுகிறவர்கள் பெரியவர்களின் தலையணைக்கு அடியில் தேடட்டும். ஆராதனை நடுவிலும் கைப்பேசியை மூன்று முறை எடுத்துப் பார்க்கிற நாம், சேலைத் துண்டைப் பற்றியிருக்கிற பிள்ளைக்குப் பற்றறுத்தலைப் போதிக்கிறோம். அத்துணியைப் பிடுங்கிய கையே, பிள்ளையின் அழுகையை அடக்க அதே கைப்பேசியை நீட்டுகிற கொடுமையையும் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, பிள்ளை கோழையாகிவிடும் என்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. 1950களின் இறுதியில் ஹாரி ஹார்லோ என்ற அமெரிக்க உளவியலாளர், தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொய்த் தாய்களைச் செய்து வைத்தார். ஒன்று வெறும் கம்பி. மற்றொன்று துணி சுற்றியது. பால் கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் குடித்துவிட்டுத் துணித் தாயிடமே திரும்பி வந்து ஒட்டிக்கொண்டன. பழக்கமில்லாத அறையில் விடப்பட்டபோது, துணித் தாய் அங்கே இருந்தால் சற்று நேரம் பற்றிக்கொண்டிருந்து, பின்பு இறங்கிச் சென்று அறையைச் சுற்றிப் பார்த்தன. அது இல்லாதபோது மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. அந்தச் சோதனையின் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. அது காட்டிய உண்மையை மறைக்கவும் மாட்டேன். பற்றிக்கொள்ள ஒன்றை உடைய குட்டியே துணிந்து வெளியே சென்றது.

டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951ஆம் ஆண்டில் ஆற்றிய உரையொன்று இவ்விஷயத்தில் இன்றளவும் மதிக்கப்படுகிறது. தாயும் தானும் ஒன்றே என்றிருந்த நிலையிலிருந்து, தாய் வேறு தான் வேறு என்ற அறிவுக்குப் பிள்ளை கடக்கும் வழியில் இந்தத் துணி ஒரு பாலமாக நிற்கிறது என்று அவர் விளக்கினார். துணியைத் துவைத்தால் அதன் மணம் போய்விடும், பிள்ளையின் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று அறிந்து தாய்மார் அதை அழுக்காகவே விட்டுவைப்பதையும் அவர் கவனித்து எழுதினார். காலம் வரும்போது பிள்ளை அதைப் பறிகொடுத்துத் துக்கிப்பதில்லை. அது மெல்ல மெல்லப் பொருளிழந்து ஒதுங்கிவிடுகிறது. தானே உதிர வேண்டிய இலையை ஏன் பிய்க்கிறீர்கள்?

இன்னொன்றையும் நாம் சிந்திக்க வேண்டும். 1970ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு, இத்தகைய பொருள்களைப் பற்றிக்கொள்ளும் வழக்கம் ரோம் நகரக் குழந்தைகளிடம் மிகுதியாகவும், கிராமத்துக் குழந்தைகளிடம் குறைவாகவும் இருந்ததைக் காட்டியது. உறங்கும் வேளையில் தாயின் உடலருகே கிடக்கும் பிள்ளைக்குத் துணியின் தேவை குறைவு. நம் பாட்டிமார் காலத்தில் ஒரே பாயில் தாயோடு படுத்தோம். இன்று தனியறை, தனிக்கட்டில், குழந்தைகள் காப்பகம், இரவுப்பணி என்று வாழ்க்கை மாறிவிட்டது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் தாயை விலக்கிய பின்பு, தாயின் இடத்தில் பிள்ளை வைத்துக்கொண்ட சேலைத் துண்டையும் விலக்குவது எந்த நீதி?

திருமறையின் நீதி வேறு. யாத்திராகமத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஏழை ஒருவனின் மேலாடையை நீ அடகாக வாங்கினால், சூரியன் மறையுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவனுக்கு இருக்கும் போர்வை அது ஒன்றே. அவன் எதைப் போர்த்திப் படுப்பான் என்று ஆண்டவரே கேட்கிறார். கடன் பொய்யென்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கடன் கொடுத்தவனின் உரிமை உண்மையானதுதான். ஆனால் இரவு வந்ததும் அந்த உரிமை நின்றுவிடுகிறது. அவன் கூப்பிட்டால் நான் கேட்பேன் என்றும் ஆண்டவர் எச்சரிக்கிறார். பெற்றோரே, பிள்ளையைத் திருத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் கடன்பட்டவனுக்கே இரவில் போர்வை மறுக்கப்படலாகாது என்றால், எந்தக் கடனும் படாத பிள்ளைக்கு எப்படி மறுப்பீர்கள்?

ஜூன் மாதத்தில் பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பப்போகும் பெற்றோருக்கும், விடுதிக் காப்பாளராகப் பணிபுரியும் நம் சபையாருக்கும் இதைச் சிறப்பாகச் சொல்லுகிறேன். பால் மறந்த சாமுவேல் சீலோவில் விடப்பட்டான். அங்கே அவனுக்குச் சணல்நூல் ஏபோத்து இருந்தது. அது ஆலயத்தின் உடை. ஆயினும் அன்னாள் வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆலயம் உடை கொடுத்த பின்பு வீட்டுச் சட்டை எதற்கு என்று ஏலி தடுத்ததாக நாம் வாசிப்பதில்லை. சேருகிற நாளில் ஆறு வயதுப் பிள்ளையின் பெட்டியைத் திறந்து, “இதெல்லாம் இங்கே கூடாது” என்று அத்துணியைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது இந்த ஆண்டோடு நிற்க வேண்டும். சீருடையை நிறுவனம் கொடுக்கட்டும். தலையணைக்கடியில் ஒரு முழத் துணிக்கு இடம் கொடுங்கள்.

எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்ந்த துணியும் பொம்மையும் மூச்சை அடைக்கக்கூடும், அங்கே வைக்காதீர்கள். துவைக்க வேண்டுமானால் பிள்ளையிடம் சொல்லி, பகலில் துவைத்து, இரவுக்குள் உலர்த்திக் கொடுங்கள். துணியை இரண்டாகக் கிழித்து ஒன்றைப் பத்திரப்படுத்தினால், தொலைந்த நாளில் உதவும். பள்ளிக்கு வேண்டாம், படுக்கையில் மட்டும் என்று அன்போடு பேசி முடிவு செய்யலாம். விளையாட்டையும் மனிதரையும் விட்டு, நாள் முழுவதும் துணியோடு மட்டுமே ஒதுங்கியிருக்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதும் நோய் துணியில் இல்லை. ஏளனத்தையும் பொய்யையும் அடுப்பையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பீரோவில், மறைந்துபோன தாயின் சேலை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். அதை யாராவது கந்தை என்று எடுத்து எறிந்தால் உங்கள் உள்ளம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். ஒளித்து வைத்த துணி இன்னும் உங்கள் வீட்டிலே இருக்குமானால், இன்று பொழுது சாயுமுன் அதைப் பிள்ளையின் கையில் திருப்பிக் கொடுங்கள்.

ஜெபம்: தாய் தேற்றுவதுபோல் எங்களைத் தேற்றுகிற ஆண்டவரே, எங்கள் கைகளில் நீர் ஒப்புவித்த சிறியோரின் ஆறுதலை நாங்கள் பறியாதபடி எங்களைக் காத்தருளும். பறித்தவற்றைத் திருப்பிக் கொடுக்கும் மனத்தாழ்மையை எங்களுக்குத் தாரும். ஆமென்.