கறுப்பனுக்கு ரத்தப் பரிசோதனை தேவையா?

தோட்டத்து நாய்க்கு அரிப்பு வந்தால் முன்பெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும்தான். இப்போது நேயர்கள் கேட்பதே வேறு. "தம்பி, நாயோட முடியும் எச்சிலும் அனுப்பினா எதனால அலர்ஜின்னு சொல்லிடுறாங்களாமே, அனுப்பலாமா?" என்றார் ரந்தாவ் பக்கத்து அக்கா ஒருவர். அவர் வீட்டுக் கறுப்பனுக்கு வால் பக்கம் ரோமம் கொட்டிப் புண்ணாகிவிட்டது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்களாம் லயத்தில். பிள்ளைகள் அழுகிறார்கள்.

அனுப்ப வேண்டாம், அக்கா. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அலர்ஜி உள்ள நாய், இல்லாத நாய் இரண்டின் மாதிரிகளோடு செயற்கை ரோமத்தையும் உப்புநீரையும் சேர்த்து அத்தகைய பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நிஜத்துக்கும் போலிக்கும் முடிவில் வித்தியாசம் தெரியவில்லை!

ரத்தப் பரிசோதனை அப்படி ஏமாற்று வேலை அல்ல. 1960களில் கண்டறியப்பட்ட 'ஐஜிஇ' என்ற எதிர்ப்புப் புரதத்தை அதில் அளக்கிறார்கள். தூசிப்பூச்சிக்கு எவ்வளவு, புல் மகரந்தத்துக்கு எவ்வளவு என்று பட்டியல் வரும். ஆனால் அரிப்பே இல்லாத நாய்க்கும் அந்தப் புரதம் இருக்கலாம். ஆகவே 'இது அலர்ஜிதானா?' என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல் பதில் சொல்லாது. அலர்ஜிதான் என்று மருத்துவர் முடிவு செய்த பிறகு, உடலைப் பழக்கும் ஊசியில் எதைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கவே அது உதவும்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை மலிவானவை. நெருக்கமான சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரக் காகிதத்தில் வையுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. வால் பக்கப் புண் என்றால் என் முதல் சந்தேகமே தெள்ளுதான். அடுத்து, கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். சொறிப்பூச்சியா, கிருமியா, பூஞ்சையா என்று அங்கேயே தெரிய வாய்ப்புண்டு.

உணவு அலர்ஜியை ரத்தத்தில் நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. நாய் இதுவரை சாப்பிடாத ஒரு இறைச்சி, ஒரு மாவுச்சத்து, இவற்றை மட்டும் சுமார் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். அரிப்பு குறைந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பார்கள். மறுபடி சொறிந்தால்தான் உறுதி. லயத்தில் இது லேசில்லை. எதிர்வீட்டுத் தாத்தா ஒரு நெத்திலித் தலை போட்டால் போதும், கணக்கு கெட்டுவிடும். முதலில் தாத்தாவிடம் பேசுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அரிப்பு நிற்கவில்லை என்றால், செர்டாங் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தோல் நிபுணர்கள் செய்யும் இன்னொரு சோதனையில், விலாவில் ரோமத்தை மழித்து, பல பொருள்களைத் துளித்துளியாக ஊசியில் ஏற்றி, கால்மணி நேரத்தில் எது வீங்குகிறது என்று பார்ப்பார்கள். ஸ்டீராய்டு மருந்து உடலில் இருந்தால் வீக்கம் வராமலே போகலாம். பல வாரம் முன்பே அதை நிறுத்தவேண்டி வரும், நீங்களாக நிறுத்தாதீர்கள். கறுப்பனுக்கு இதுவரை போட்ட ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் தேதியோடு நாட்காட்டியில் குறித்து, கையோடு எடுத்துப் போங்கள்.