மலையை மூடிய உத்தரவில் சம்பளத்துக்கு ஒரு வரிகூட இல்லை

மே மாதம் பிறந்தால் ஏற்காட்டில் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். ஒன்று, வெயில் தாங்காமல் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வருகிற கூட்டம். இன்னொன்று மலைக்காரர்களின் கூட்டம். 5,326 அடி உயரத்தில், தலையைக் குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் இருக்கிறது சேர்வராயன் கோயில். சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் மே மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் வருவார்கள். (கேரளத்து மலையாளிகள் இல்லை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலைப் பகுதிகளில் வாழும் பழங்குடியினரின் பெயர் அது.)

2020 மே மாதத்திலும் 2021 மே மாதத்திலும் இந்த இரண்டு கூட்டமும் இல்லை. கோடை விழா மலர்க் கண்காட்சி இல்லை, படகு இல்லை, ரூம் புக்கிங் இல்லை. கொரோனா காலத்தில் ‘வேலையிடங்கள் எப்படிச் சமாளித்தன’ என்று பேசினாலே நமக்கு லேப்டாப், ஜூம் மீட்டிங், வீட்டிலிருந்து வேலை என்றுதான் ஞாபகம் வரும். வீட்டிலிருந்து பெட்ஷீட் மாற்ற முடியாது. பஜ்ஜி போட முடியாது. மிளகுக் கொடியில் ஏணி சாத்த முடியாது. இந்த மலையில் பெரும்பாலானவர்களின் வேலை அப்படிப்பட்டது. அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதைப் பார்த்தால், அரசின் உத்தரவுகள் யாரைக் கண்ணில் பார்த்தன, யாரைப் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஒரே மலை, இரண்டு காலண்டர்

ஏற்காட்டின் பிழைப்பு இரண்டு கால்களில் நிற்கிறது: காபி, சுற்றுலா. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து முதல் கால் இருக்கிறது. பள்ளி, லாட்ஜ், ரிசார்ட், டாக்ஸி, வழியோரக் கடை எல்லாம் பிறகு வந்தவை.

இரண்டுக்கும் காலண்டர் வேறு. அராபிகா காபிப் பழம் பறிப்பது நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகைப் பறிப்பது அதை ஒட்டி வரும். மார்ச், ஏப்ரலில் பூ மழை. பூத்து முடிந்த பிறகு நிழல் மரங்களுக்குக் கிளை கழிப்பது போன்ற வேலைகள். ஆக, தோட்டத்தில் அதிகக் கை தேவைப்படுவது பனிக்காலத்தில். சுற்றுலாவுக்கு நேர் எதிர். ஏப்ரல், மே, ஜூன் தொடக்கம் வரை வரும் காசில்தான் மிச்ச மாதங்களை ஓட்டியாக வேண்டும்.

கொரோனா வந்த தேதிகளை இதன் மேல் வைத்துப் பாருங்கள். முதல் ஊரடங்கு 2020 மார்ச் 25. இரண்டாம் அலையில் ஏற்காடு, நீலகிரி, கொடைக்கானலுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தடை 2021 ஏப்ரல் 20. அதன் பின் மே 10 முதல் முழு ஊரடங்கு. இரண்டு முறையும் காபி அறுவடை முடிந்து, சுற்றுலா சீசன் தொடங்குகிற நேரம். காபியைத் தொட்டும் தொடாமலும் போன நோய், லாட்ஜ்காரர்களின் இரண்டு வருட வருமானத்தைத் துடைத்துவிட்டது.

இடையிலும் கதவு முழுசாகத் திறக்கவில்லை. 2020 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாட்டுக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்றானது. ஆனால் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலைகளுக்கு மட்டும் கலெக்டரிடம் இ-பாஸ் வாங்கித்தான் வர வேண்டும் என்று வைத்தார்கள். மற்ற ஊர்களில் ஹோட்டல் அடுப்பு எரிய ஆரம்பித்த பிறகும் மலையில் காத்திருந்தார்கள்.

மூடியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய மருத்துவமனைக்கு மலையிறங்கி சேலத்துக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்குள் நாலு மாநிலத்துக் கூட்டத்தை விடுவது விளையாட்டில்லை. என் கேள்வி வேறு. ஊர் நன்மைக்காக ஒரு தொழிலை அரசே மூடச் சொல்லும்போது, அந்தத் தொழிலில் கூலி வாங்குகிறவருக்கு அன்றைக்கு ராத்திரி சோறு யார் போடுவது?

தோட்டத்துக்கு ஒரு சட்டம், லாட்ஜுக்கு?

2020 ஏப்ரல் 15ல் மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேயிலை, காபி, ரப்பர் தோட்டங்களின் பெயரே எழுதியிருந்தது. ஏப்ரல் 20 முதல் 50 சதவீத ஆட்களை வைத்து வேலை நடத்தலாம். அடுத்த நாளே மிளகு, ஏலம் போன்ற நறுமணப் பயிர்த் தோட்டங்களையும் சேர்த்தார்கள். பாதி ஆள் என்றால் முறை வைக்க வேண்டும். முறை வைத்தால் ஆறு நாள் கூலி மூன்று நாள் கூலியாகிவிடும். சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஊரடங்கு தொடங்கி நான்கு வாரத்துக்குள் தோட்டத் தொழிலாளிக்கு அரைக்கூலிக்காவது வழி பிறந்தது.

ஏன் அவர்கள் மட்டும் கண்ணில் பட்டார்கள்? தோட்டத்தில் செக்ரோல் என்று ஒன்று உண்டு. காலையில் மேஸ்திரி பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் கணக்குப் போடுகிற பதிவேடு. ஐந்து ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் இருக்கிற தோட்டங்களுக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பொருந்தியது. வீடு, மருத்துவம், உடம்பு சரியில்லாத நாளுக்குப் படி என்று அதில் கடமைகள் இருந்தன. எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்றால் அது வேறு கட்டுரை. நாட்டில் காபித் தோட்டங்களில் 98 சதவீதத்துக்கு மேல் பத்து ஹெக்டேருக்கும் குறைவான சிறு தோட்டங்கள். அதில் தினக்கூலிக்குப் போகிற கிராமத்துப் பெண்ணுக்கு இந்தச் சட்டம் எட்டாமலே போயிருக்கலாம். இருந்தாலும் ‘தோட்டத் தொழிலாளி’ என்று ஒருவர் இருக்கிறார் என்பது தில்லிக்குத் தெரியும்.

இப்போது லாட்ஜ் பக்கம் வாருங்கள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் ‘லே ஆஃப்’ இழப்பீடு என்று ஒரு பகுதி இருந்தது. முதலாளியால் வேலை கொடுக்க முடியாத நிலை வந்து தொழிலாளியைத் தற்காலிகமாக நிறுத்தினால், அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைக் கொடுக்க வேண்டும். ஆனால் யாருக்கு? பதிவேட்டில் பேர் இருக்க வேண்டும், ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், குறைந்தது 50 பேர் வேலை பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். அந்த இடமும் மூன்றே வகைதான்: தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம். லாட்ஜ் இல்லை, ஹோட்டல் இல்லை, படகுத் துறை இல்லை. சீசன் தொழில் என்றாலே விலக்கு வேறு. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அதே மூன்றுதான்.

எட்டுப் பேரை வைத்து நடக்கும் ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் ஒருத்தர், சமையலுக்கு ஒரு அண்ணன், பாத்திரத்துக்கு ஒரு அக்கா, ரூம் பாய்கள், வாட்ச்மேன், சீசனுக்கு மட்டும் கூப்பிடுகிற ரெண்டு பேர். இவர்களில் எத்தனை பேருக்கு நியமனக் கடிதம் இருக்கும்? பி.எஃப். இருக்கும்? ‘நாளைக்கு வர வேணாம்ப்பா, திறந்தா சொல்றேன்’ என்ற ஒரு போன் போதும். அது லே ஆஃபும் இல்லை, டிஸ்மிஸ்ஸும் இல்லை. சட்டத்தில் அதற்குப் பெயரே இல்லை.

50 நாள் ஆயுள் கொண்ட உத்தரவு

நியாயமாகச் சொன்னால், ஒரு உத்தரவு இவர்களையும் தொட்டது. 2020 மார்ச் 29ல் உள்துறை அமைச்சகம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ், எல்லா வேலையளிப்போரும் ஊரடங்கு நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்றது. தொழிற்சாலை மட்டுமல்ல, கடைகளும் வணிக நிறுவனங்களும் அதில் அடக்கம். லாட்ஜ் அக்காவுக்கும் உரிமை வந்தது, காகிதத்தில்.

மே 18 முதல் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள் முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போயிருந்தார்கள். ஃபைகஸ் பேக்ஸ் வழக்கில் ஜூன் 12ல் வந்த இடைக்கால உத்தரவு, சம்பளம் கொடுக்காதவர்கள் மேல் கடும் நடவடிக்கை கூடாது, இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், தொழிலாளர் துறை உதவட்டும் என்றது.

பேசித் தீர்ப்பது நல்ல யோசனைதான், சங்கம் இருக்கிற ஆலையில். மலை மேல் மூணு மாதமாக வாடகை பாக்கி வைத்திருக்கும் ரூம் பாய், அடுத்த சீசனுக்கும் இதே முதலாளியிடம்தான் வேலை கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே, மார்ச் மாதச் சம்பளத்துக்கு எப்படிப் ‘பேச்சுவார்த்தை’ நடத்துவார்?

முதலாளி பக்கமும் பார்க்க வேண்டும். லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற சின்ன ஆளுக்கும் வருமானம் பூஜ்யம், குத்தகைப் பணம் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் பையிலிருந்து எட்டுப் பேருக்கு எத்தனை மாதம் சம்பளம் வரும்? ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போடலாம் என்றது, வட்டி ஏறியது. அரசு உத்தரவாதக் கடன் திட்டத்தை ஹோட்டல், சுற்றுலாத் தொழிலுக்கென்று விரித்தது 2021 மார்ச் கடைசியில், அதாவது ஒரு வருடம் கழித்து. அதுவும் கடன்தான். பணம் முதலாளிக்குக் கடனாகப் போனதே தவிர, சம்பளமாகத் தொழிலாளி கைக்கு வர வழி போடவில்லை.

வெளிநாட்டில் வழி போட்டார்கள். பிரிட்டனில் வேலைக்கு வர முடியாத ஊழியரின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்ட் வரை, அரசே ஏற்றது. ஜெர்மனியில் குறைந்த வேலை நேரத்துக்கு ஈடாக இழந்த நிகரச் சம்பளத்தில் குறைந்தது 60 சதவீதம் கொடுக்கும் திட்டம் கொரோனாவுக்கு முன்பே இருந்தது. ‘அவங்க பணக்கார நாடு’ என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி, யார் எங்கே என்ன சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார் என்ற கணக்கு அங்கே அரசிடம் இருந்தது.

பேர் இருந்தவருக்குக் கிடைத்தது

நம் ஊரில் கிடைத்த உதவிகளை வரிசையாக யோசித்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய். 2021ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருட்களும். ரேஷன் கார்டு என்ற பதிவேடு ஏறத்தாழ எல்லார் வீட்டிலும் இருப்பதால் அது கடைசி வீடு வரை போனது. இந்தக் கதையில் உருப்படியாக வேலை செய்தது அதுதான், கூச்சமில்லாமல் பாராட்டலாம். ஆனால் அது குடும்பத்துக்கான உதவி. போன சம்பளத்துக்கு ஈடு ஆகாது.

நலவாரியத்தில் பதிந்தவருக்கு 1,000 ரூபாய். பி.எஃப். பங்களிப்பை அரசு கட்டியது, பி.எஃப். கணக்கு இருப்பவருக்கு. 2021 ஜூனில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு ஒரு லட்சம் வரை கடன் என்றார்கள், அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிக்கு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘பதிவு பெற்ற’ என்று ஒரு வார்த்தை. கோயில் ரோட்டில் பொரியும் பலூனும் விற்கிறவர், லேடிஸ் சீட் பக்கம் வண்டி போட்டு சோளம் சுடுகிறவர், மே மாதத்துக்கு மட்டும் லாட்ஜுக்கு வருகிற பெண், எதிலும் இல்லை. அவர்களுக்கு இருந்தது நூறு நாள் வேலை, பக்கத்துத் தோட்டத்தில் கூப்பிட்டால் கூலி, இல்லாவிட்டால் நகை. நூறு நாள் வேலைக்கு 2020-21ல் தமிழ்நாட்டுக் கூலி 256 ரூபாய். ‘மக்கள் தாக்குப்பிடித்தார்கள்’ என்று பிறகு எழுதினோமே, அந்தத் தாக்குப்பிடிப்பின் விலை அடகுக் கடை ரசீதில் இருந்தது.

மத்திய அரசின் இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்ட் 26ல் வந்தது. இரண்டாம் அலை முடிந்த பிறகு. அமைப்புசாராத் தொழிலாளர் பேர் பதிய ஒரு இடம் வந்தது நல்லதுதான். ஆனால் அதில் பேர் இருப்பதாலேயே மலையை மூடும் நாளில் அக்கவுண்ட்டில் பணம் விழும் என்று எந்த விதியும் இல்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. லாட்ஜ், ரிசார்ட், ஹோம்ஸ்டேவுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது தீயணைப்புச் சான்று கேட்கிற மாதிரி, சீசன் ஆட்கள் உட்பட வேலை பார்ப்பவர் பட்டியலையும் கேட்க வேண்டும். அந்தப் பட்டியல் தொழிலாளர் துறைக்கும் நலவாரியத்துக்கும் போக வேண்டும். நோயோ, மண்சரிவோ, காட்டுத் தீயோ, எதற்காக மலைப்பாதையை மூடினாலும், மூடும் அதே அரசாணையில் ஒரு பத்தி இருக்க வேண்டும்: மூடிய நாட்களுக்குப் பட்டியலில் உள்ளவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, இன்ன கணக்கிலிருந்து. குறைந்தபட்சம் நூறு நாள் வேலைக் கூலி அளவுக்காவது. முதலாளி பொய்ப் பேர் எழுத மாட்டாரா என்று கேட்கலாம். எழுதுவார், சிலர். அதைப் பிடிக்கத்தான் ஆய்வாளர் இருக்கிறார். நிஜப் பேரை எழுதாமலே விடுவதுதான் இன்று நடப்பது.

பதிவு செய்யத் தொழில்நுட்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மறுபடி இ-பாஸ் வந்தது. இந்த முறை நோய்க்காக இல்லை, நெரிசலுக்காக. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறார்கள், எல்லாம் கேட்கிறார்கள். மலையேறும் காரைப் பற்றி அரசுக்கு இவ்வளவும் தெரிகிறது. அந்தக் காரில் வந்தவர்கள் தங்கும் ரூமைப் பெருக்குகிற அக்காவின் பேரையும் ஒரு கட்டத்தில் எழுத இடம் வைக்கலாம்.